பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க வக்கீல் எதற்கு?

"பெத்த பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க வக்கீல் எதுக்குங்க? பத்திர எழுத்தர்கிட்ட போனா அரை நாள் வேலை. நாளைக்குப் பையன் கவனிக்கலைன்னா ஆர்.டி.ஓ. ஆபீசுல ஒரு மனு போட்டாப் போச்சு, பத்திரம் ரத்து. அதுக்குத்தான் சட்டமே இருக்கே!"

சொந்த வீடுள்ள முதியவர்கள் இந்த யோசனையை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். சொல்பவர் மைத்துனராக இருக்கலாம், தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த செய்தியாகவும் இருக்கலாம். கேட்க நியாயமாகத்தான் படுகிறது. குடும்ப விஷயத்துக்குள் வக்கீலைக் கொண்டுவந்தால் நாலு பேர் என்ன பேசுவார்களோ என்ற கூச்சமும் கூடச் சேர்ந்துகொள்கிறது. மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்க ஐந்து இடம் அலைந்த அதே பெற்றோர், ஆயுள் முழுக்கச் சேர்த்த ஒரே வீட்டைக் கைமாற்றும்போது யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

யோசனை தவறு. ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது. நிறைய பேர் ஏமாறுவதும் அந்தப் பாதியை நம்பித்தான்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்ளலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. மாதப் பராமரிப்புத் தொகை கேட்டுப் பெற்றோர் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அறிவிப்பு கொடுத்த 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும், விசேஷக் காரணம் இருந்தால் இன்னொரு 30 நாள் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. அதன் 23-ஆம் பிரிவு, கவனித்துக்கொள்வதாக நிபந்தனை போட்டுச் சொத்தை வாங்கிக்கொண்டு பிறகு கைவிட்டவர்களிடம் இருந்து அதைத் திரும்ப எடுக்க வழி சொல்கிறது. அது மட்டுமா? 17-ஆம் பிரிவு, இந்தத் தீர்ப்பாயத்தில் எந்தத் தரப்புக்கும் வழக்கறிஞர் ஆஜராகக் கூடாது என்கிறது. சட்டமே வக்கீல் வேண்டாம் என்கிறபோது நாம் ஏன் காசைக் கொட்ட வேண்டும் என்று கேட்பவர்களிடம் தர்க்கம் இல்லாமல் இல்லை. வாய்தா வாங்கியே வழக்கை இழுப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன நாட்டில், நாடாளுமன்றம் அப்படி ஒரு கதவை அடைத்ததற்கும் காரணம் இருந்தது.

சிக்கல் 23-ஆம் பிரிவைப் படிக்கும்போது ஆரம்பிக்கிறது. பிள்ளை கவனிக்கவில்லை என்றால் பத்திரம் ரத்து என்று அது சொல்லவில்லை. சொத்தைப் பெறுபவர், கொடுப்பவரின் அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும். பெற்றவர் அதைச் செய்ய மறுத்திருக்க வேண்டும் அல்லது தவறியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான், அந்தப் பத்திரம் மோசடியாலோ கட்டாயத்தாலோ தகாத செல்வாக்காலோ எழுதப்பட்டதாகக் கருதப்பட்டு, கொடுத்தவர் விரும்பினால் செல்லாது என்று அறிவிக்கப்படும். 'நிபந்தனைக்கு உட்பட்டு' என்ற அந்தச் சின்ன இடத்தில்தான் எத்தனையோ தாய்மார்களின் வீடு மாட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டிருக்கும் பத்திர எழுத்தரின் கணினியில் இருக்கும் தான செட்டில்மெண்ட் மாதிரியைப் பார்ப்போம். பெயர், வயது, சொத்து விவரம் மட்டும் மாறும். மற்றதெல்லாம் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் வாசகம். 'தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று தொடங்கும். 'இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினியோக விற்கிரையங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று போகும். அடுத்து வருவதுதான் கத்தி: 'இந்த செட்டில்மெண்ட்டை எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்யவோ மாற்றவோ எனக்கு உரிமை இல்லை.' தாய் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் என்ன வழி, எந்த அறையில் இருப்பார், மகன் தவறினால் என்ன என்பதைப் பற்றி ஒரு வரி இருக்காது. கேட்டால் எழுதுவார்கள். கேட்கத் தெரிய வேண்டும். எழுத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை. அழைத்து வந்தவர் மகன், கூலி கொடுப்பவர் மகன், அவசரமும் மகனுக்குத்தான். டோக்கன் எண் அழைக்கப்பட்டதும் தாய் உள்ளே போவார், புகைப்படம் எடுப்பார்கள், விரல் ரேகை வைப்பார்கள். சம்மதத்தோடுதான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று சார்பதிவாளர் கேட்பார். பக்கத்தில் மகன் நிற்கும்போது எந்தத் தாய் இல்லை என்பார்?

இந்த வாசகத்தை நீதிமன்றம் எப்படிப் படிக்கும்? இரண்டு விதமாகப் படித்திருக்கிறது என்பதுதான் பதில்.

ஹரியானாவைச் சேர்ந்த ஒரு விதவைத் தாய் தன் பங்கை விடுதலைப் பத்திரம் மூலம் மகள்களுக்கு விட்டுக் கொடுத்திருந்தார். பிறகு 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போனார். தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது, உயர் நீதிமன்றமும் நின்றது. 2022 டிசம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், அபய் எஸ். ஓகா அமர்வு அதைப் புரட்டிப் போட்டது. நெருங்கியவர்களுக்குப் பெரியவர்கள் சொத்து கொடுக்கும்போது கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. அன்பினால், எதையும் எதிர்பார்க்காமல் கொடுப்பதும் உண்டு. ஆகவே நிபந்தனை இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. அந்தத் தாயின் மனுவிலேயே அப்படி ஒரு நிபந்தனை இருந்ததாகச் சொல்லப்படவில்லை என்பதையும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். விவரம் தெரிந்த ஒருவர் மனுவைத் தயாரித்திருந்தால் முதல் பத்தியிலேயே தொட்டிருக்க வேண்டிய விஷயம் அது. கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2020-லேயே இன்னும் கறாராக, நிபந்தனை பத்திரத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது.

சென்னை உயர் நீதிமன்றம் வேறு திசையில் போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் 87 வயதுத் தாய் ஒருவர். மூன்று மகள்கள் இருக்க, ஒரே மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தவர். மகன் இறந்துபோனார். மருமகள் கவனிக்கவில்லை என்பது தாயின் புகார். கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வந்தபோது, 2025 மார்ச்சில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், கே. ராஜசேகர் அமர்வு, அன்பும் பாசமும் என்று பத்திரத்தில் எழுதியிருப்பதே கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற மறைமுக நிபந்தனைதான், தனியாக எழுதியிருக்கத் தேவையில்லை என்று தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, மனிதத் தன்மையுள்ள தீர்ப்பு. வாட்ஸ்அப்பில் இதுதான் பறந்தது.

அதே அன்புதான் இரண்டு இடத்திலும். டெல்லியில் அது எதிர்பார்ப்பு இல்லாமல் கொடுத்ததற்குச் சாட்சி. சென்னையில் எதிர்பார்ப்போடு கொடுத்ததற்குச் சாட்சி. எண்பது வயதில் உங்கள் கூரை, உங்கள் மனு எந்த நீதிபதி முன் போகிறது என்பதைப் பொறுத்திருக்கலாமா? 'ஆர்.டி.ஓ. ஆபீசுல ஒரு மனு போட்டாப் போச்சு' என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தீர்ப்பொன்றைக் காட்டிப் பதில் சொல்பவர்கள் உண்டு. 2025 ஜனவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றமே, மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரைச் சேர்ந்த ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்து, வீட்டின் சுவாதீனத்தைப் பிப்ரவரி 28-க்குள் தாயிடம் கொடுக்கச் சொன்னது. நீதிபதிகள் சி.டி. ரவிக்குமார், சஞ்சய் கரோல். இந்தச் சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றும், தீர்ப்பாயம் வெளியேற்றவும் உத்தரவிடலாம் என்றும் சொன்ன முக்கியமான தீர்ப்பு. பார்த்தீர்களா, உச்ச நீதிமன்றமே மாறிவிட்டது என்கிறார்கள்.

வழக்கின் விவரத்தைப் படித்தால் கதை வேறு. அந்தத் தாய் 2019 செப்டம்பரில் தானப் பத்திரம் எழுதிய அன்றே, மகனிடம் இருந்து ஓர் உறுதிமொழிப் பத்திரமும் வாங்கியிருந்தார். பெற்றோரைக் கடைசிவரை கவனித்துக்கொள்வேன், தவறினால் தானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற வாசகம் அதில் இருந்தது. அது போலி என்று மகன் வாதாடியும் எடுபடவில்லை. அதாவது இங்கே ஜெயித்தது எழுதி வைத்த நிபந்தனை. அப்படி எழுத்தில் இருந்தும் அந்தத் தாய் பட்ட பாட்டைப் பாருங்கள்: கோட்ட நடுவரிடம் ஜெயித்தார், ஆட்சியரிடம் ஜெயித்தார், உயர் நீதிமன்றத் தனி நீதிபதியிடம் ஜெயித்தார், இரு நீதிபதி அமர்வில் தோற்றார், உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் ஜெயித்தார். ஐந்து படிக்கட்டு, நான்கு வருடம். எழுத்தில் ஒன்றுமே இல்லாதவரின் நிலைமை என்ன?

இத்தனை படிக்கட்டிலும் வக்கீல் இல்லாமல் ஏற முடிகிற படி முதல் இரண்டுதான். 17-ஆம் பிரிவு தீர்ப்பாயத்திலும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திலும் ஆஜராவதை மட்டும் தடுக்கிறது. அதுவும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு 2011-இல் நடைமுறைக்கு வந்த பிறகு இந்தத் தடை நிற்காது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2014-லேயே அப்படிச் சொல்லிவிட்டது. தடை நிற்கட்டும், விழட்டும். மனு எழுதித் தருவதையோ, பத்திரம் தயாரிக்கும் முன் ஆலோசனை சொல்வதையோ அது எந்தக் காலத்திலும் தடுத்ததில்லை. தீர்ப்பாயத்தில் துணைக்கு ஆள் இல்லாமல் நிற்கப்போகிற ஒருவருக்குத்தான் முன்கூட்டியே கையில் சரியான காகிதம் இருக்க வேண்டும். 17-ஆம் பிரிவைக் காட்டி வக்கீல் வேண்டாம் என்பவர்கள் அந்தப் பிரிவைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

சரி, தீர்ப்பாயம் வேண்டாம், நேரே சார்பதிவாளர் அலுவலகத்துக்கே போய் ரத்துப் பத்திரம் பதிந்துவிடலாம் என்று இன்னொரு யோசனை உலவுகிறது. ஒரு காலத்தில் அப்படிப் பதிந்தார்கள். 2022 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, இப்படி ஒருதலைப்பட்சமாக ரத்துப் பத்திரம் பதிய முடியாது என்று தெளிவாக்கிவிட்டது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, கொடுத்த தானத்தைத் திரும்பப் பெறுவதற்கு மிகச் சில சந்தர்ப்பங்களைத்தான் விட்டு வைத்திருக்கிறது. மனம் மாறியது அந்தப் பட்டியலில் இல்லை.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் எல்லோரும் செட்டில்மெண்ட்டுக்கே ஓடுகிறார்கள்? காரணம் பாசம் மட்டும் இல்லை, செலவுக் கணக்கும்தான். தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் கட்டணம் உயர்ந்த பிறகும், குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. எண்பது லட்சம் ரூபாய் வீட்டைக் கிரயமாக எழுதினால் ஏழும் இரண்டும் ஒன்பது சதவீதம், ஏழு லட்சத்து இருபதாயிரம். செட்டில்மெண்ட்டில் ஐம்பதாயிரத்தோடு வேலை முடிகிறது. உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது, பதிவு செய்வதும் கட்டாயம் இல்லை, சாகும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். ஆனால் 'உயில் எழுதினா பின்னாடி கேஸ் வரும், செட்டில்மெண்ட்தான் பக்கா' என்று ஒரு வாக்கியம் ஊரில் நிலைத்துவிட்டது. பக்காதான், வாங்குபவருக்கு. உயிலில் சண்டை வந்தால் அது எழுதியவர் போன பிறகு வரும். செட்டில்மெண்ட்டில் வரும் சண்டையை எழுதியவர் உயிரோடு இருந்து பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதைப் பலருக்குச் சொல்ல ஆள் இல்லை. வீட்டை இப்போதே பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஆயுள் உள்ளவரை அங்கே வசிக்கவும் வாடகை வாங்கவும் தனக்கு உரிமை உண்டு என்று நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். சுவாதீனத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கொடுத்த தானமும் செல்லும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு சொல்லியிருக்கிறது. அதோடு 23-ஆம் பிரிவுக்குத் தேவையான நிபந்தனையை, உணவு, இருப்பிடம், மருத்துவம் என்று பெயர் சொல்லி எழுதி, தவறினால் பத்திரம் செல்லாது என்றும் சேர்க்கலாம். தாயின் ஆயுள்வரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று எழுதலாமா, எழுதினால் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைக் குடும்ப நிலைமையைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். மகனே கடனுக்காகத்தான் வீட்டைக் கேட்கிறான் என்றால் அங்கே யோசனையே வேறு. முஸ்லிம் குடும்பம் என்றால் உயிலில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக முடியாது. கணக்கு மறுபடி மாறும். கணினியில் தயாராக இருக்கும் மாதிரிக்கு இதெல்லாம் தெரியாது.

வீட்டை விடுவோம், சோற்றுக்கு வருவோம். பராமரிப்புத் தொகைக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். அன்று போட்ட வரம்பு இன்றும் அப்படியே நிற்கிறது; அதை எடுக்க 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவந்த திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. மகன் மாதம் இரண்டு லட்சம் சம்பாதித்தாலும் தீர்ப்பாயம் பத்தாயிரத்தைத் தாண்ட முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. அந்த வழியில் போனால் வரம்பு கிடையாது. 500 ரூபாய் என்று இருந்த பழைய உச்சவரம்பை 2001-லேயே எடுத்துவிட்டார்கள். கல்யாணமான மகளிடமும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. ஆனால் இரண்டு கதவில் ஒன்றைத்தான் தட்ட முடியும். எதைத் தட்டுவது என்பது ஒருமுறை எடுக்கும் முடிவு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவுக்கும், ஓய்வூதியம் வாங்கும் அப்பாவுக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

மருமகள் விஷயமும் இப்படித்தான். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்பது மகன், மகள், பேரன், பேத்தி. மருமகளும் மருமகனும் அதில் வரவில்லை. வீட்டை விட்டு மருமகளை வெளியேற்றக் கோரி இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்த ஒரு கர்நாடகக் குடும்பத்துக்கு 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: குடும்ப வன்முறைச் சட்டப்படி கணவன் வீட்டில் வசிக்கப் பெண்ணுக்கு இருக்கும் உரிமையை, மூத்த குடிமக்கள் சட்டத்தின் சுருக்க விசாரணையால் அடித்துப்போட முடியாது. மாமியாருக்கு அது கசக்கலாம். ஆனால் முன்பே தெரிந்திருந்தால், வீணாய்ப் போகிற மனுவுக்கு அலைந்திருக்க வேண்டியதில்லை.

வக்கீல் வேண்டாம் என்பவர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம் 'பவர்'. அம்மாவுக்கு ஞாபக மறதி ஆரம்பித்திருக்கிறது, இப்போதே ஒரு பவர் எழுதி வாங்கிவிட்டால் பிறகு பேங்க், வீடு எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று குடும்பமே நிம்மதி அடைகிறது. எந்த நாளுக்காக அந்தப் பவர் எழுதப்பட்டதோ, அந்த நாளில் அது செத்துவிடும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் முகவரின் அதிகாரம் முடிந்துபோகிறது. சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, நினைவு தப்பிய பிறகும் செல்லுபடியாகும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வசதி உண்டு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உண்டு. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறது, சொத்து நிர்வாகத்தைப் பற்றிப் பேசவில்லை. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்றுச் செலவைச் சமாளிக்க ஒரு சென்னைப் பெண் உயர் நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. தனி நீதிபதி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். 2024 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி அமர்வு அவரைப் பாதுகாவலராக நியமித்தது. அதற்கும் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்று நிபந்தனை உண்டு. மறதி ஆரம்பக் கட்டத்தில் இருக்கும்போதே, மருத்துவரின் சான்றோடு, உயில், கூட்டுக் கணக்கு, சிகிச்சை பற்றிய முன் விருப்பப் பத்திரம் என்று செய்துகொள்ளக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. முன் விருப்பப் பத்திரத்துக்கு மாஜிஸ்திரேட்டைத் தேடி ஓடவும் வேண்டாம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விதியைத் தளர்த்திய பிறகு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும்.

இதெல்லாம் அமெரிக்கா மாதிரி நாட்டுக்கு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே முதியோர் சட்ட வழக்கறிஞர்களுக்கு 1987 முதல் தனிச் சங்கமே உண்டு. முதியோர் இல்லச் செலவை அரசு ஏற்குமா என்பதற்கு ஐந்து வருடச் சொத்துக் கைமாற்றலைப் புரட்டிப் பார்க்கும் விதிகள் இருப்பதால் அந்தத் துறை வளர்ந்தது. இங்கே அப்படிப் பட்டம் போட்டுக்கொண்ட வக்கீல் கிடையாது, உண்மைதான். ஆனால் இங்கே தேவை வேறு வடிவத்தில் இருக்கிறது. சிவில் பக்கம் பாகப்பிரிவினை, உயில், செட்டில்மெண்ட் வழக்குகளைக் கையாண்டு, கோட்டாட்சியர் தீர்ப்பாய உத்தரவுகளை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தோ ஆதரித்தோ பழகிய ஒருவர் போதும். பத்திரிகை விளம்பரத்தில் தேட வேண்டாம். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. கிடைக்கும் சொத்தில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதையும் அதே விதிகள் தடுக்கின்றன. அப்படிப் பேசுகிறவரிடம் இருந்து எழுந்து வந்துவிடலாம். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பில்லை, உண்மையான வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை யாரும் கவனிப்பதில்லை: அவர் யாருடைய வக்கீல்? மகன் அழைத்து வந்து, மகன் பணம் கட்டி, மகனிடமே வரைவைக் காட்டுகிற வக்கீல் மகனுடைய வக்கீல். தாய்க்கு வேறொருவர் வேண்டும். பணத்தை யார் கட்டினாலும், தாயோடு தனியாகக் கால் மணி நேரம் பேசாத வக்கீல் தாய்க்கு உதவ மாட்டார். கதவைச் சாத்திவிட்டு, "அம்மா, உங்களுக்கு இதில் இஷ்டமா? வீடு போனால் எங்கே இருப்பீங்க?" என்று கேட்கிற அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் கட்டணம். வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. வரைவைப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பே தமிழில் வாங்கி, வீட்டில் யாராவது நிதானமாகப் படித்துக் காட்ட வேண்டும். 'ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை' என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இப்படியெல்லாம் நிபந்தனை போட்டால் பையன் மனசு கஷ்டப்படும் என்பார்கள். கவனித்துக்கொள்ளப் போகிற மகனுக்கு அந்த நிபந்தனையால் ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. அதற்கு மேலும் அவனுக்குக் கோபம் வருகிறது என்றால், அது கையெழுத்துக்கு முன்னால் வந்ததே தாய்க்கு லாபம்.

கட்டணத்துக்கு வழியில்லை என்பதுதான் காரணம் என்றால், அதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணில் சட்ட உதவியும், 14567 என்ற எண்ணில் முதியோர் உதவி மையமும் கிடைக்கும். தீர்ப்பாயத்துக்கு மனு போட்டாகிவிட்டது, அங்கே பேச ஆள் இல்லை என்றால், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின் கீழ் பராமரிப்பு அலுவலராக இருக்கும் மாவட்ட சமூக நல அலுவலரைத் தன் சார்பில் ஆஜராகச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம். முதல் சந்திப்புக்குப் போகும்போது மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, கணவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று, மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்துப் போக வேண்டும். மகனுக்கு முன்பே எதையாவது எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பத்திரத்தை மேலே வைக்க வேண்டும். வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.